பட்டங்களுக்குப் பிறகு தண்ணீர்

கரையோர நீர் இணைப்பாக்கச் சபையில் மிஹ்லார் பதினொரு வருடமாகத் தற்காலிக ஊழியன். பதினொரு வருடம் தற்காலிகமாகவே இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை, அதற்கென்று தனித் திறமை வேண்டும். மிஹ்லாரிடம் அது தாராளமாக இருந்தது. யார் என்ன கேட்டாலும் கேட்ட கேள்விக்கே பதில் சொல்லிவிடுவான்.

முதலாவது நேர்முகப் பரீட்சையில், "இச்சபை எதிர்நோக்கும் பிரதான சவால் யாது?" என்று கேட்டார்கள். "தண்ணி வருதில்ல சேர்" என்றான். குழுவில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்ததாக உள்ளே போனவன் அதே கேள்விக்கு, "வளப் பகிர்வின் பன்முகச் சிக்கல்கள்" என்று ஆரம்பித்தான், தேத்தண்ணீர் வந்து, குடித்து, கோப்பையை எடுத்துப் போகும்வரைக்கும் முடிக்கவில்லை. அவன் இப்போது வேறொரு மாவட்டத்தில் உதவிப் பணிப்பாளர். இரண்டாவது முறை, "உங்கள் தொலைநோக்கு என்ன?" என்றார்கள். "நிரந்தரமாகுற சேர்" என்றான் மிஹ்லார்.

மூன்றாவது முறை வந்துவிட்டது. இதை விட்டால் இனி இல்லை, ஏனென்றால் நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களை நிரந்தரமாக்குவதில்லை என்று சுற்றுநிருபம், மிஹ்லாருக்கு வருகிற நோன்போடு நாற்பத்தைந்து. போதாக்குறைக்கு, கல்யாணம் முடித்த ஆண்பிள்ளை பெண்சாதி வீட்டில் போய் இருக்கிற ஊர் எங்களுடையது. வீட்டுக்கு யார் வந்தாலும் மாமி நபீஸா, "இவருதான் நம்மட மருமகன். இன்னும் டெம்பரரி" என்றுதான் அறிமுகம் செய்வா. மருமகன் என்ற உறவுதான் தற்காலிகம் என்று வந்தவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

"இந்த முறை இன்டவியூவில எல்லாத்துக்கும் பதில் சொல்லிப் போடாதீங்க" என்றாள் மனைவி பஹ்மிதா. "கொஞ்சம் சுத்தி வளைச்சிக் கதைங்க."

"சுத்தி எங்க போற புள்ள? தெரிஞ்சாத்தானே சுத்துற."

அந்த வருடம் தலைமைக் காரியாலயம் புதுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. 'தெளிவான தொடர்பாடலே பதவி உயர்வின் படிக்கட்டு.' இனிமேல் நிரந்தர நியமனம், பதவி உயர்வு எல்லாம் ஊழியரின் தொடர்பாடல் திறனைப் பார்த்துத்தான். மிஹ்லாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தெளிவாகச் சொல்லித்தானே இவ்வளவு காலமும் கெட்டுப்போனோம், அதையே இனிக் கேட்கிறார்கள் என்று இரண்டு ரக்அத் சுன்னத்தும் தொழுதான்.

முதலில் பயிற்சிப் பட்டறை. அதற்கான அழைப்பில் நோக்கம் இருந்தது, குறிக்கோள் இருந்தது, எதிர்பார்க்கப்படும் பெறுபேறு இருந்தது, தலைமைக் காரியாலயத்தின் வாழ்த்துச் செய்தியும் இருந்தது. இடம் மட்டும் இல்லை. பாதிப்பேர் கல்முனையில் ஒரு மண்டபத்துக்குப் போனார்கள், மற்றப் பாதி காரியாலயத்தின் மேல்மாடியில் காத்திருந்தது, பயிற்சி நடத்த வந்த வளவாளர் அட்டாளைச்சேனைக்குப் போய்விட்டார். நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகுதான் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்தார்கள். அதற்குள் புரியாணி ஆறிவிட்டது.

வளவாளர் திரு. இளையதம்பி காரைதீவைச் சேர்ந்தவர், தொடர்பாடல் பற்றி நாடு முழுக்கப் பேசியவர். வெள்ளைத் திரைக்கு முன்னால் நின்று சொன்னார்: "தெளிவு என்பது ஒரு பயணம். அந்தப் பயணத்தில் நாம் அவசரப்பட்டுப் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது. சேர்ந்துவிட்டால், பிறகு என்ன செய்வது?"

எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். அடுத்து, பெயர்களை உச்சரிக்கும் முறை. "உயரதிகாரி ஒருவரின் பெயரையோ பட்டத்தையோ சொன்னால் ஒவ்வொன்றுக்கும் பிறகு சற்று மௌனம் வேண்டும். கேட்பவரின் நெஞ்சில் அது இறங்க வேண்டும். குரல் தாழ்ந்து வர வேண்டும். ஒரு கனதி வேண்டும்."

மிஹ்லார் கையை உயர்த்தினான். "சேர், நாளைக்குத் தண்ணி நிக்கப்போகுதெண்டா, அத எப்பிடிச் சொல்லுற?"

"அருமையான கேள்வி தம்பி" என்றார் இளையதம்பி. "அதை நாம் கேள்வியாகவே வைத்திருப்போம்."

செயன்முறைப் பரீட்சைக்கு ஏற்ற மாதிரி அந்தக் கிழமையே பிரதான குழாய் ஒன்று வெடித்தது. திருத்தவேண்டுமென்றால் தண்ணீரை மூடவேண்டும், மூடவேண்டுமென்றால் ஊருக்குச் சொல்லவேண்டும். அந்த அறிவித்தலை எழுதி, ஊர்ப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வாசிப்பதுதான் மிஹ்லாருக்கான பரீட்சை. தேறினால் நிரந்தரம். அவன் மேசையில் உட்கார்ந்து ஒரு மூச்சில் எழுதினான்: 'நாளை வியாழக்கிழமை லுஹரிலிருந்து வெள்ளி சுபஹு வரை தண்ணீர் வராது. பிடித்து வையுங்கள்.'

பிராந்தியப் பணிப்பாளர் அப்துல் ஸமட் கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"இதுல நான் எங்க?"

"நீங்க இதுல இல்ல சேர்."

பக்கத்தில் நின்ற பிரதிப் பணிப்பாளர் மசூருக்கு அதுதான் சந்தர்ப்பம். பணிப்பாளர் தும்மினால் இவர் மூக்கைத் துடைத்துக்கொள்கிற ஆள். "பணிப்பாளர் இல்லாம எப்பிடி மிஹ்லார் தண்ணி நிக்கும்? இவ்வளவு காலமும் தண்ணி நிண்டதெல்லாம் சேர்ர வழிகாட்டலிலதானே" என்றார்.

அப்துல் ஸமட் தன்னடக்கத்தோடு தலையை அசைத்தார். "எனக்காகச் சொல்லல்ல. எனக்குப் பெயர் ஆசையில்ல, ஊர் அறியும். ஆனா பதவிக்கெண்டு ஒரு மரியாதை இரிக்கி. தண்ணி இண்டைக்கு வரும், நாளைக்குப் போகும். பதவி அப்பிடியா?"

அறிவித்தலைச் செம்மைப்படுத்த ஒரு குழு அமைக்கப்பட்டது. பட்டங்கள் முதலில் வரவேண்டும் என்பதில் குழுவுக்குள் கருத்து வேறுபாடு இல்லை, எந்தப் பட்டம் முதலில் என்பதில்தான் மாலை அஸர் தொழுகை வரை போனது. 'தண்ணீர் வராது' என்பது பொதுமக்களைக் கலவரப்படுத்தும் என்பதால், 'நீர் வழங்கல் சேவையில் ஓர் இடைவேளை அனுபவிக்கப்படும்' என்று மாற்றி, கடைசி வரிக்கு இறக்கினார்கள். மிஹ்லார் எதிர்த்துச் சொல்ல வாயெடுத்தான்தான், பஹ்மிதாவின் முகம் நினைவுக்கு வந்து மூடிக்கொண்டான்.

புதன்கிழமை காலை பத்து மணிபோல மிஹ்லார் ஒலிபெருக்கி முன் நின்றான்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் தொழுகை நேரமில்லாத நேரத்தில் பள்ளி மைக் 'டக்' என்று திறந்தால் அதற்கு அநேகமாக ஒரே அர்த்தம்தான், யாரோ மௌத், இறந்துவிட்டார்கள். அந்த 'டக்' கேட்டதும் வீடுகளில் கிரைண்டர் நிற்கும். சலூன்காரன் சவரக்கத்தியைக் கன்னத்திலிருந்து எடுப்பான். மீன் வியாபாரி கூவ மாட்டான். யார் என்று தெரியும்வரைதான் இந்த அமைதி. பெயர் தெரிந்தால் போதும், ஆள் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிவிடும். எத்தனை மணிக்கு அடக்கம், எந்த மையவாடி என்பதையெல்லாம் வீட்டில் போய்க் கேட்டுக்கொள்ளலாம். இன்னொன்று, உயிரோடு இருக்கிற மனிதனின் பட்டங்களை இங்கே யாரும் முழுசாகச் சொல்வதில்லை. அதெல்லாம் மௌத்துக்குத்தான்.

மிஹ்லார் ஸலாம் சொன்னான். பிறகு, பயிற்றப்பட்ட குரலில், கனதியோடு ஆரம்பித்தான்.

"தேசகீர்த்தி..."

மௌனம்.

"சாமஸ்ரீ... சமூகச் சுடர்... அகில இலங்கை சமாதான நீதவான்..."

மௌனம்.

"அல்ஹாஜ்... அப்துல் ஸமட் அவர்கள்..."

வாசிக்கும்போது மிஹ்லாருக்கே கொஞ்சம் கவலையாகிவிட்டது. ஏனென்று தெரியவில்லை. 'தன் வாழ்நாளை மக்கள் சேவைக்காகவே அர்ப்பணித்த' என்ற இடத்தைக் குரலை இன்னும் தாழ்த்தி வாசித்தான். வெளியே மோட்டார் சைக்கிள்கள் வரிசையாகக் கிளம்புகிற சத்தம் கேட்டது. அவன் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், குழு அங்கீகரித்த ஒவ்வொரு சொல்லையும் வாசித்து, இடைவேளை அனுபவிக்கப்படும் வரிக்கு வந்து முடித்தபோது கேட்க ஊரில் ஆள் இல்லை. எல்லோரும் அப்துல் ஸமட் வீட்டில் நின்றார்கள்.

அன்று அப்துல் ஸமட், பதிவேட்டின்படி பொத்துவிலில் கள விஜயத்தில் இருந்தார். உண்மையில் வீட்டில் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு சற்றே சாய்ந்திருந்தார். சத்தம் கேட்டு, சாரமும் பெனியனுமாகக் கதவைத் திறந்தால், வாசல் நிறையச் சனம். மௌத் வீடுகளுக்கு வாடகை நாற்காலி போடுகிற கதிரைக்காரன் லொறியிலிருந்து கதிரை இறக்குகிறான். ஜனாஸா நலன்புரிச் சங்கத் தலைவர் மீராமுகைதீன் உடலைத் தூக்கிப்போகும் சந்தூக்கோடு வந்து நிற்கிறார். மையவாடியில் மண்வெட்டியும் இறங்கிவிட்டது.

மீராமுகைதீன் அவரை மேலும் கீழும் பார்த்தார். "சேர், குறை நினைக்காதீங்க. நாங்க உங்கட மௌத்துக்கு வந்த."

'நான் மௌத்தாகவில்லை.' இரண்டே சொல். வேறு யாராக இருந்தாலும் அதைச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தியிருப்பார்கள். ஆனால் அப்துல் ஸமட் இவ்வளவு பெரிய கூட்டத்தைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை. பெனியனை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு கதிரையில் ஏறப்போய், வேண்டாம் என்று படியிலேயே நின்றார்.

"பெருமதிப்புக்குரிய என் ஊர் மக்களே. இன்று முற்பகல் என் இருப்பு தொடர்பாக எழுந்துள்ள நிலைமை குறித்து உங்களோடு சில கருத்துகளைப் பகிர்ந்துகொள்வதற்கு முன்னர், இந்த ஊருக்கு நான் ஆற்றிய சேவைகளைச் சுருக்கமாக நினைவுகூர்வது பொருத்தமென நினைக்கிறேன்..."

பின்னால் நின்றவர்களுக்கு முகம் தெரியவில்லை.

"ஆரு காக்கா பயான் பண்ணுற?"

"அவர்ர தம்பியாக்கும். கொரல் அப்பிடியே மௌத்தானவர்ர மாதிரியே இரிக்கி."

சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சேவைகளின் பட்டியல் இரண்டாவது பொதுக் கிணற்றுக்கு வந்தபோது, அவருடைய மனைவி ஹாஜறா சந்தையிலிருந்து ஓட்டோவில் அழுதுகொண்டு வந்து இறங்கினா. சனத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தா. மனிதர் படியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"இவருக்கு ஒண்டுமில்ல. உசிரோடதான் இரிக்காரு" என்றா ஹாஜறா. "எல்லாரும் பெய்த்து வாங்க."

உடனே கூட்டம் கலைந்தது. கதிரைக்காரனுக்கு மட்டும் மனவருத்தம்.

இதற்கிடையில் காரியாலயத்தில் வேலைகள் மின்னல் வேகத்தில் நடந்திருந்தன. சனம் ஓடுவதைக் கண்ட மசூர், ஒன்றும் விசாரிக்காமலே தலைமைக் காரியாலயத்துக்கு மௌத்தை அறிவித்து, தலைமைக் காரியாலயம் அனுதாபச் செய்தியும், அதே தாளில் மசூருக்கு அந்த இடத்தில் பதில் கடமை பார்க்கும் நியமனமும் அனுப்பி, மசூர் பெரிய கதிரைக்கு இடம் மாறியும் விட்டார். ஒரு விஷயத்துக்குக் கொழும்பிலிருந்து அன்றைக்கே பதில் வந்தது சபையின் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. தொலைபேசி அடித்தது. மசூர் எடுத்து, "பணிப்பாளர் கதைக்கிறன்" என்றார்.

"எந்தப் பணிப்பாளர்?" என்றது மறுமுனை. அது மௌத்தானவரின் குரல்.

மறுநாள் லுஹருக்குத் தண்ணீர் நின்றது. ஒருவரிடமும் ஒரு வாளித் தண்ணீர்கூட இல்லை. தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யத் தண்ணீரில்லாமல் சனம் பள்ளிவாசலில் சத்தம் போட்டது. நபீஸா மாமி மருமகனின் சோற்றுக் கோப்பையைக் கொஞ்சம் பலமாக வைத்தா, அவ்வளவுதான்.

விசாரணைக் குழு கொழும்பிலிருந்து வந்தது. மிஹ்லார் முதல் நாள் இரவே பஹ்மிதாவிடம், "இது முடிஞ்சிது. நெல்லு மில்லில கணக்கு எழுத ஆள் தேடுறாங்களாம், கேட்டுப் பாக்கிறன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

தலைவர் கேட்டார்: "அறிவித்தல் எத்தனை பேரைச் சென்றடைந்தது?"

"ஊர் முழுக்க சேர்."

"எவ்வளவு நேரத்தில்?"

"நான் வாசிச்சி முடிய முன்னுக்கு."

குழு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. இந்த முறை பார்வை வேறு மாதிரி இருந்தது. "மக்களின் பிரதிபலிப்பு?"

"எல்லாரும் வந்தாங்க சேர். சந்தூக்கும் வந்த."

"தண்ணீர் பற்றிய பகுதி?"

"அது ஒருத்தருக்கும் போய்ச் சேரல்ல சேர்."

"அது உள்ளடக்கம்" என்றார் தலைவர். "நாங்கள் விசாரிக்க வந்தது தொடர்பாடலை."

ஒரு மாதத்தில் முடிவு வந்தது. இலங்கையில் எந்தக் கிளையின் அறிவித்தலுக்கும் இப்படி ஒரு மக்கள் வரவேற்புக் கிடைத்ததில்லை. அப்துல் ஸமட்டுக்குச் சிறந்த தொடர்பாடலுக்கான விருது, பொன்னாடை, 'தொடர்பாடல் திலகம்' என்று இன்னொரு பட்டம். மிஹ்லாருக்கு நிரந்தர நியமனம், மூன்று வருடத் தகுதிகாண் காலத்தோடு. கூடவே ஒரு சுற்றுநிருபம்: இனிமேல் சபையின் சகல அறிவித்தல்களும் இதே ஒழுங்கில், பட்டங்கள் முதலிலும் விஷயம் கடைசியிலுமாக வாசிக்கப்பட வேண்டும். தகுதிகாண் காலத்தில் மீறினால் நியமனம் இரத்து.

பஹ்மிதா அன்று வட்டிலப்பம் செய்தாள். நபீஸா மாமி அடுத்த வீட்டுக்கு எட்டிக் கேட்கிற மாதிரி, "மருமகன், இன்னும் கொஞ்சம் வெச்சிக்கங்க" என்றா. மிஹ்லார் வெட்கத்தை விட்டு அழுதான்.

ஊர் சனம் கெட்டிக்காரர்கள். மூன்றாவது அறிவித்தலோடு பிடித்துக்கொண்டார்கள். மைக் 'டக்' என்று திறந்து, "தேசகீர்த்தி" என்று கேட்டால் தண்ணீர் வெட்டு, உடனே குழாயடிக்கு ஓடு, மிச்சத்தைக் கேட்கத் தேவையில்லை. மிஹ்லார் ஆறாவது பட்டத்துக்கு வரும்போது ஊரில் வாளியெல்லாம் நிறைந்திருக்கும். விஷயம் அழகாக நடந்துகொண்டிருந்தது.

பெருநாள் கழிந்து கொஞ்ச நாளில் ஒரு விடியற்காலை அப்துல் ஸமட் உண்மையிலேயே மௌத்தானார். நெஞ்சு வலிக்குது என்றாராம். அதைச் சுருக்கமாகச் சொன்னதில்தான் ஹாஜறா பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினா. வழியிலேயே முடிந்துவிட்டது.

பள்ளியில் பாங்கு சொல்லும் முஅத்தின் மைக்கைத் திறக்கப்போனபோது மசூரின் அழைப்பு மிஹ்லாருக்கு வந்தது. "சபையின் பணிப்பாளர். சபைதான் அறிவிக்கும். சபையின் ஒழுங்கில போகணும் மிஹ்லார். சுற்றுநிருபம் ஞாபகம் இரிக்கிதானே."

மிஹ்லார் மைக் முன் நின்றான். என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். 'ஸமட் சேர் மௌத்தாப் பெயித்தார்' என்று முதலில் சொல்ல ஒரு விநாடி போதும். தகுதிகாண் காலம் இன்னும் இரண்டரை வருடத்துக்குக் கிட்ட இருந்தது. வட்டிலப்பம், மாமி, பஹ்மிதாவின் முகம் எல்லாம் ஒன்றாக வந்தன. கண்ணை மூடிக்கொண்டான்.

"தேசகீர்த்தி..."

எட்டுத் திசையிலும் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் வாளி, பேசன், அண்டா, எல்லாம் ஒரே நேரத்தில் இழுபட்டன. தொடர்பாடல் திலகம் வரை வாசித்து, மௌத் என்ற சொல்லுக்கு வந்தபோது அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

வீட்டுக்குப் போனான். பத்துப்பேர் கூட இல்லை, எல்லாம் சொந்தக்காரர்கள். கதிரைகூட வரவில்லை. ஹாஜறா வாசல்படிக்கு வந்து வெளியே பார்த்தா.

"சனம் ஒண்டையும் காணல்லையே தம்பி. நீங்க சொல்லல்லையா?"

"சொன்னன் ராத்தா."

"அண்டைக்கு உசிரோட இருக்கக்குள்ள ஊரே வந்திச்சே." அவ அதைக் குறையாகச் சொல்லவில்லை, விளங்காமல் கேட்டா. மிஹ்லாருக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

உள்ளேயிருந்து மையித்தைக் குளிப்பாட்ட வந்தவர் வெளியே வந்தார். "குழாயில ஒரு சொட்டு வருதில்ல. தாங்கியும் காலி." ஊர் முழுக்க ஒரே நேரத்தில் தண்ணீர் பிடித்தால், கடற்கரை ஓரத்துக் கடைசி வீட்டுக்கு எப்படி வரும்? கிணறும் இல்லை. தண்ணீர்ச் சபைப் பணிப்பாளர் வீட்டில் கிணறு இருப்பது சபைக்கு அவமரியாதை என்று மனிதர் தானே மண் போட்டு மூடியிருந்தார்.

மிஹ்லார் வாசலை ஒட்டிய குறுகலான ஒழுங்கைக்கு இறங்கினான். முதல் வீட்டில் சுலைஹா ராத்தா அண்டாவுக்கு மூடி போடப் போய்க்கொண்டிருந்தா.

"எத்தின மணிக்கு வெட்டுறாங்க மிஹ்லார்?"

"வெட்டல்ல ராத்தா. ஸமட் சேர் மௌத்தாப் பெயித்தார். குளிப்பாட்டத் தண்ணி தாங்க."

சுலைஹா ராத்தாவின் கையிலிருந்த மூடி அப்படியே நின்றது. "யா அல்லாஹ்" என்றா. அடுத்த வீட்டிலும் அதையே சொன்னான், அதற்கடுத்த வீட்டிலும். நாலாவது வீட்டுக்கு அவன் போகத் தேவையிருக்கவில்லை. செய்தி அவனுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒழுங்கை நிறையச் சனம், ஒவ்வொரு கையிலும் தளும்பத் தளும்ப வாளி.

வாசலில் மசூர் வெள்ளைச் சட்டையோடு நின்றார். மிஹ்லாரை ஓரத்துக்குக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "பட்டம் ஒண்டையும் சொல்லாம வீடு வீடாச் சொல்லித் திரிஞ்சீங்களாம். நாளைக்கு எழுத்தில விளக்கம் தரணும். உங்கட தகுதிகாண் காலம் சம்பந்தமா நான் மேலிடத்துக்கு..."

மிஹ்லார் இரண்டு கையிலும் இரண்டு வாளியோடு நின்றான். ஒன்றை அவர் பக்கம் நீட்டினான்.

"இதப் புடிங்க சேர். உள்ளுக்குக் கொண்டுபோங்க."

மசூர் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.